சாப்பாட்டு மேசைப் பிரெஞ்சுக்கு ஒரு கண்ணமங்கலத்துக்காரியின் மடல்

அன்புள்ள சின்னப் பிரெஞ்சே,

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், நாகநதியை ஒட்டி இருக்கிற கண்ணமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம் இது. நெசவு வீட்டில் பிறந்தவள் நான். மொலியேரும் விக்தர் ஹ்யூகோவும் எழுதிய பெரிய பிரெஞ்சின் வாசல்படியைக்கூட நான் மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்தது உன்னை மட்டும்தான். உணவகத்துக்குள் நுழைந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, வேண்டியதைக் கேட்டு, சாப்பிட்டு, பணம் கொடுத்து, நன்றி சொல்லி வெளியே வரும்வரை வாயில் இருக்க வேண்டிய கொஞ்சம் வாக்கியங்கள் நீ. ஒரு கையேட்டில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடுவாய். அதனால்தான் சின்னப் பிரெஞ்சு என்று செல்லமாக அழைக்கிறேன். உன்னிடம் நான் பட்ட கடன் மட்டும் சின்னதில்லை. அதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னப் பிரெஞ்சே, நீ வருவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வெளியே சாப்பிடுகிற நாள் என்றால், நெய்து முடித்த சேலையை ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அப்பா கூலி வாங்குகிற நாள்தான். சீரகச் சம்பா பிரியாணி மணக்கிற கடையில் நாங்கள் வரிசையாக உட்காருவோம். அப்பா மட்டும்தான் பேசுவார். "கேக்கக் கூடாது, வைக்கறதைச் சாப்பிடணும்" என்று அம்மா பேருந்திலேயே சொல்லிக் கூட்டி வந்திருப்பாள். பிரியாணிக்கு வைக்கிற கத்திரிக்காய் இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வோம். கேட்டால் கையேந்துவதுபோல் ஆகிவிடும் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது. கூலியைக்கூட அப்பா எண்ணிப் பார்க்காமல் அப்படியே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். பிற்பாடு வேலூரில் கல்லூரியில் படிக்கும்போது, தோழிகளோடு போன உணவகங்களில், பக்கத்தில் இருப்பவள் சொல்லும்வரை காத்திருந்து "எனக்கும் அதேதான்" என்பேன். பசி இருந்தது, ஆசையும் இருந்தது. அவற்றுக்கு ஒரு வாயைக் கொடுத்தது நீ.

சின்னப் பிரெஞ்சே, காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகிற ரயில்பாதைதான் என்னை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. கண்ணமங்கலத்தில் ஏறி விழுப்புரத்தில் வண்டி மாறினால் புதுச்சேரி. அங்கே ஒரு துணி வடிவமைப்புக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிரான்சிலிருந்து வரும் வாடிக்கையாளர்களோடு அடிக்கடி சாப்பிட உட்கார வேண்டியிருந்தது. 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் அந்த ஊரில் இருக்கிறது. முறையாகப் போய்ப் படிக்க வேலை நேரம் இடம் கொடுக்கவில்லை. நீயோ நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருந்தாய். வீட்டுக்காரம்மாவைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த தமிழர் ஒருவரின் மனைவி. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் சேர்ந்தது. அப்போது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்படிப் பெற்றுக்கொண்ட குடும்பம் அவருடையது. காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி. இரவில் சூப்பும் ரொட்டியும். இரண்டும் அவருக்கு வீட்டுச் சாப்பாடு.

சின்னப் பிரெஞ்சே, அந்த மதாம் உன்னை எனக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. தன் சாப்பாட்டு மேசையில் தட்டு, கண்ணாடிக் குவளை, முள்கரண்டி, கத்தி எல்லாம் வைத்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தானே பரிமாறுகிறவராக நிற்பார். நான் வாசலுக்கு வெளியே போய், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். வந்ததும் "போன்ழூர் மதாம்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நாற்காலியைத் தொட்டால் போதும், "திரும்பப் போ, திரும்ப வா" என்று கையை நீட்டுவார். குரல் தரையைப் பார்த்து வந்தாலும் அப்படித்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை விட மாட்டார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த எந்தப் பாடமும் உடம்பில் இப்படித் தங்கியதில்லை.

சின்னப் பிரெஞ்சே, நீ என்னிடம் வந்த வழி ஆங்கிலம். நான் வாங்கிய கையேடு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதியது. அதில் உன் ஒலிகளை ஆங்கில எழுத்தில் உடைத்துப் போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தால் ஒன்றும் நாக்கில் உட்காரவில்லை. மதாம் அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தமிழில் எழுதிக்கொள் என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஆங்கிலேயர் ப, ட, க ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு மூச்சுக் காற்றோடு சொல்வார்கள். உனக்கு அந்தக் காற்று கிடையாது. உன் 'த' பல்லைத் தொட்டுத்தான் பிறக்கிறது, எங்கள் 'த' மாதிரியே. இங்கிலாந்திலிருந்து வருகிற ஒருவர் மெனக்கெட்டுப் பழக வேண்டிய ஒலிகள் எனக்குப் பிறந்ததிலிருந்தே வாயில் இருந்தன. மூக்கால் சொல்கிற உயிரொலிகளுக்கும், உதட்டைக் குவித்து 'இ' சொல்கிற ஒலிக்கும்தான் பாடுபட வேண்டியிருந்தது. ஆங்கிலம் சரியாக வராது என்று கூசிக்கொண்டே வளர்ந்தவளிடம், உன் தமிழ் நாக்கு எனக்குப் போதும் என்று சொன்ன முதல் அயல்மொழி நீதான்.

சின்னப் பிரெஞ்சே, வணக்கத்தை முதலில் வைக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. உன் நாட்டில் கடைக்குள், உணவகத்துக்குள் நுழைகிறவர் போன்ழூர் சொல்ல வேண்டும், மாலையானால் போன்சுவார். அதைச் சொல்லாமல் நேரே வேண்டியதைக் கேட்டால் மரியாதைக் குறைவு. நம் ஊர் ஓட்டலில் பரிமாறுகிறவரை அண்ணே என்றும் தம்பி என்றும் கூப்பிடுகிறோம். அழகான வழக்கம்தான். ஆனால் 'அண்ணே'வின் வால் பிடித்தபடியே 'ரெண்டு இட்லி, ஒரு வடை' வந்துவிடும். அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. நீ அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி வைத்தாய். அந்த இடைவெளியில்தான் எனக்கு எதிரே நிற்பவர் கால்கடுக்க நின்று வேலை பார்க்கிற ஒரு மனிதர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. போன்ழூர் சொன்ன பிறகு நான் கேட்பதும் அவர் தருவதும் இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற காரியமாகிவிடுகிறது.

சின்னப் பிரெஞ்சே, "ழெ வுத்ரே" என்பதை என் வாயில் வைத்தாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வது? எனக்கு வேண்டும் என்று அடித்துச் சொல்ல உன்னிடம் வேறு வினை இருக்கிறது. மேசையில் அது முரட்டுத்தனமாகக் கேட்கும். கிடைத்தால் நன்றாயிருக்கும் என்ற சாயலில் ஆசையைச் சொல்கிற இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்தச் சொன்னாய். பின்னாலேயே "சில் வு ப்ளே" என்று ஒரு தயவையும் சேர்க்கச் சொன்னாய். நாங்கள் தமிழில் 'கொடுங்க' என்கிற விகுதியிலேயே மரியாதையைச் சேர்த்துவிடுகிறோம். தனியாக ஒரு தயவுச்சொல் வேண்டியதில்லை. 'நான்' என்பதும் வேண்டியதில்லை, 'இட்லி வேணும்' என்றால் போதும். உன்னிடம் அது நடக்காது. 'நான்' என்று சொல்லாமல் உன்னில் ஆசைப்பட முடியாது. நான் இன்னதை விரும்புகிறேன் என்று என்னை நானே முன்னால் நிறுத்தி, அதே மூச்சில் பணிவாகவும் பேச முடியும் என்று காட்டினாய். ஒரு தட்டு மீன் கேட்கிற வாக்கியத்தில் எனக்கு இவ்வளவு பெரிய பாடம் இருந்தது.

சின்னப் பிரெஞ்சே, வேலைக்காகப் பிரான்சுக்குப் போனபோது, எழுதியிருப்பதைப் படிக்கவும் நீயே கைபிடித்துக் கூட்டிப்போனாய். உணவகத்துச் சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையில் சாக்குக்கட்டியால் சாய்வாக எழுதியிருப்பார்கள். பட்டியல் முழுவதற்கும் பெயர் 'கார்த்'. 'மெனு' என்றால் ஒரே விலையில் முதல் தட்டு, நடுத்தட்டு, இனிப்பு என்று வரிசையாக வருகிற சாப்பாடு. இரண்டு தட்டு மட்டும் போதும் என்றால் 'ஃபொர்முல்'. 'ப்ளா து ழூர்' அன்றைக்குச் சமைத்த சிறப்பு. பெரும்பாலும் அதுதான் கைக்கு அடக்கமான விலையில் இருக்கும். 'ஆந்த்ரே' தொடக்கத்தில் வருகிற சிறிய தட்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் அதே பெயரை முக்கிய உணவுக்கு வைத்துவிட்டார்கள் என்பதால் ஆங்கிலம் அறிந்தவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இதெல்லாம் புரிந்த பிறகும் எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், "கெஸ் கெ வு மெ கோன்செயே?" என்றாய். நீங்கள் எதைச் சாப்பிடச் சொல்வீர்கள் என்று பரிமாறுகிறவரிடமே கேட்டுவிடலாம். கேட்டதும் அவர்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் தொழிலில் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவர் மதிக்கிறார் என்ற நிமிர்வு அது.

சின்னப் பிரெஞ்சே, வேண்டாம் என்பதையும் மனம் நோகாமல் சொல்லக் கற்றுத்தந்தாய். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. புரட்டாசியில் கறி, மீன் எதுவும் தொடுவதில்லை. "ழெ நெ மான்ழ் பா தெ பெஃப்" என்று ஒரு வரி. கறியில்லாமல் என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றித் துண்டுகளோ தட்டில் வந்துவிடலாம் என்பதால், கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல "நி வியான்த், நி புவாசோன்" என்று இன்னொரு வரி. பச்சை இலைக் கீரைகளாகத் தெரிகிற சாலட்டில்கூட உப்புக்கண்டமிட்ட பன்றித் துண்டுகளைத் தூவுவார்கள்; அதற்கு "சான் லார்தோன்". முன்பெல்லாம் அயல்நாட்டாரோடு உட்கார்ந்தால் என் விரதம் அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயந்து, பசி இல்லை என்று சொல்லிவிட்டு வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். உன் வாக்கியங்களில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமே இருக்கவில்லை. ஒருவர் எதைச் சாப்பிட மாட்டார் என்பது அவரைப் பற்றிய சாதாரணச் செய்தி என்பதுபோல் நீ அதை எடுத்துக்கொண்டாய். சமையலறையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

சின்னப் பிரெஞ்சே, யூரோவை மனதுக்குள் ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிட்ட என் மேல் உனக்கு எத்தனை பரிவு! தண்ணீர் என்று மட்டும் கேட்டால் விலையுள்ள போத்தல் வந்துவிடக்கூடும். "யுன் கராஃப் தோ, சில் வு ப்ளே" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை அழகான குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், காசு கிடையாது. அப்படி இலவசமாகக் கேட்கலாம் என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உணவகங்கள் எழுதி வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் பிரான்சில் சட்டமே இருக்கிறது. சாப்பாட்டோடு வருகிற ரொட்டிக்கும் தனி விலையில்லை. பரிமாறுகிற கூலியும் விலைக்குள் அடக்கம். மனம் நிறைந்தால் சில்லறை வைக்கலாம், வைக்காவிட்டால் யாரும் முறைப்பதில்லை. உரிமையானதை உரிமையாகக் கேட்க ஒரு வாக்கியம் இருந்தாலே, பை மெலிந்தவளும் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

சின்னப் பிரெஞ்சே, சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னதும் நீதான். நம் ஊரில் இலையை மடிக்கிற நேரத்தில் பில் பக்கத்தில் வந்துவிடும். நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். அவரும் பசித்தவர், எழுந்து இடம் விடுவதுதான் நியாயம். உன் நாட்டில் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது விருந்தாளியை எழுப்பி அனுப்புவதுபோல. "லதிசியோன், சில் வு ப்ளே" என்று நான் சொல்லும்வரை மேசை என்னுடையது. பிரெஞ்சுக்காரர்கள் கூடி உட்கார்ந்து உண்ணும் முறையை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தபோது, சமையலை மட்டும் பார்த்துச் சேர்க்கவில்லை. சேர்ந்து உட்கார்வதையும், வரிசை முறையையும், பேச்சையும் பார்த்தார்கள். தறிக்கு இரவு பகலாகத் தார் சுற்றிய அம்மா, தட்டின் முன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுடைய மகளுக்கு நீ அந்த நேரத்தை எடுத்துக் கொடுத்தாய்.

சின்னப் பிரெஞ்சே, எல்லாவற்றையும்விடப் பெரிய கடன் பிரான்சின் லியோன் நகரத்தில் பட்டது. எங்கள் தறியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியை நீ அறிவாய். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்து, எந்த இழை எழ வேண்டும் எது படிய வேண்டும் என்று சொல்லும். சேலையில் மயிலும் மாங்காயும் விழும். அந்தப் பெயர் லியோனில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்ட் என்பவருடையது. 1804இல் அவர் அந்தக் கருவியை அமைத்தார். வேலை நிமித்தமாக அந்த ஊருக்குப் போனபோது க்ருவா ரூஸ் மேட்டில் ஏறினேன். பட்டு நெசவாளர்களின் குடியிருப்பு அது. ஜக்கார்டுத் தறி நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவே அங்குள்ள வீடுகளின் கூரையை நாலு மீட்டர் உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். மேட்டுச் சதுக்கத்தில் ஜக்கார்டுக்குச் சிலை இருக்கிறது. நான் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

சின்னப் பிரெஞ்சே, அந்த மேட்டிலிருந்து இறங்கிவந்து ஒரு சிறிய 'பூஷோன்' உணவகத்தில் உட்கார்ந்தேன். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் நாற்காலிகள், கரும்பலகையில் லியோன் நெசவாளர்களின் பெயரால் ஒரு பண்டம்: 'செர்வெல் தெ கனு'. கனு என்றால் லியோன் பட்டு நெசவாளர். பண்டத்தின் பெயர் நெசவாளர் மூளை. ஆட்டு மூளை வாங்க வசதியில்லாத நெசவாளர்களுக்கு இதுதான் மூளை என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். கறி எதுவும் கிடையாது. முதிர வைக்காத வெள்ளைப் பாலாடைக்கட்டியை மத்தால் கடைந்ததுபோல் இளக்கி, வெங்காயத்தாளைப் போன்ற பச்சைத் தாளும் சின்ன வெங்காயமும் பூண்டும் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் காடி சேர்த்துக் குளிர வைத்துத் தருவார்கள். ரொட்டியில் தடவி வாயில் வைத்தேன். முதலில் தயிர்ப் பச்சடியின் குளிர்ச்சி, பிறகு பூண்டின் காரம், கடைசியில் மிளகு. அது ஏழை நெசவாளர் வீட்டுச் சாப்பாடு என்று நாக்குக்கே தெரிந்தது.

சின்னப் பிரெஞ்சே, "செத்தே த்ரே போன்" என்று பரிமாறிய அம்மாவிடம் சொன்னேன். மிகவும் நன்றாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ தந்த தைரியத்தில், "மோன் பேர் எ கனு, ஆன் ஆந்த்" என்று சேர்த்தேன். என் அப்பா கனு, இந்தியாவில். அவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம் அதற்கு மேல் மொழி இல்லை. நாடா எறிவதைக் கையால் காட்டினேன். மிதியை மிதிப்பதைக் காலால் காட்டினேன். தோளில் போட்டிருந்த ஆரணிப் பட்டின் கரையைப் பிடித்துக் காட்டினேன். அவர் விரல் நுனியால் சரிகையைத் தடவிப் பார்த்து, திருப்பி அடிப்பக்கத்து இழையைப் பார்த்தார். துணி தெரிந்தவர்கள்தான் அடிப்பக்கம் பார்ப்பார்கள். கேட்காமலே இன்னொரு கிண்ணம் வந்தது. 1831 நவம்பரில் கூலிக்கு ஒரு நியாயமான விகிதம் வேண்டும் என்று கேட்டு அந்த மேட்டு நெசவாளர்கள் எழுந்து, சில நாள் நகரத்தையே தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்று காலையில்தான் தெரிந்துகொண்டிருந்தேன். 1834இல் மறுபடி எழுந்தார்கள். இரண்டு முறையும் படை வந்து அடக்கியது. கூலியை எண்ணாமல் மடிக்கிற என் அப்பாவை நினைத்துக்கொண்டே அந்த இரண்டாவது கிண்ணத்தைச் சாப்பிட்டேன். கேட்பது குறைவான செயல் என்ற எண்ணம் அந்த மேசையில்தான் என்னைவிட்டுப் போனது.

சின்னப் பிரெஞ்சே, மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து உன்னைக் கற்றவள் நான். அடுப்புப் பக்கம் நின்று கற்ற தமிழர்களையும் பார்க்கவைத்தாய். பாரிஸின் லா சப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்களில் இறங்கினால் கொத்து ரொட்டித் தட்டும் ஓசை கேட்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உன் முதல் சொற்கள் வேறு. சூடான பாத்திரத்தோடு பின்னால் வருகிறேன் என்று எச்சரிக்கிற "ஷோ!", தலைமைச் சமையல்காரருக்குச் சொல்கிற "உய், ஷெஃப்!", பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பெயரான "ப்ளோன்ழ்". 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் அந்த நகரத்தில் பல உடலுழைப்பு வேலைகள் செய்து எழுதியவர்தான். அந்தத் தெருக் கடை ஒன்றில் தேத்தண்ணி கொண்டுவந்த பெரியவர், "சாப்பாடு எப்பிடிப் பிள்ளை? எங்கட கறி உறைக்குதோ?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்குத் திரும்பி அதே மூச்சில் "போனப்பெத்தி", நன்றாகச் சாப்பிடுங்கள், என்றார். நான் உணவகங்களில் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பிய நன்றி, கதவுக்குப் பின்னால் எத்தனை தமிழ்க் காதுகளுக்குப் போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

சின்னப் பிரெஞ்சே, அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஒருவரின் பெயரை நீயும் பெருமையோடு சொல்லலாம். பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கு நகராட்சி ஆண்டுதோறும் பரிசு தருகிறது. வென்றவர் ஓராண்டு காலம் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023இல் அந்தப் பரிசு இலங்கையில் பிறந்த தமிழரான தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது. 20ஆம் வட்டாரத்தில் அவர் கடை. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, நொதி, இவ்வளவுதான் அந்தப் பாரம்பரிய ரொட்டி. அதைக் கேட்பதற்கும் ஒரு நுணுக்கம் கற்றுத்தந்திருக்கிறாய். "யுன் த்ரதிசியோன், பா த்ரோ குயீத்" என்றால் மிகவும் சிவக்காததை எடுத்துத் தருவார்கள். நன்றாகச் சிவந்தது வேண்டும் என்றால் "பியேன் குயீத்". தோசைக்கு முறுகலா, மெதுவா என்று சொல்லத் தெரிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

சின்னப் பிரெஞ்சே, உன்னால் என் தமிழும் மாறியது. கண்ணமங்கலம் கூட்டுரோட்டுக் கடைக்குப் போனால், "அண்ணே, வணக்கம்" என்றுதான் இப்போது தொடங்குகிறேன். முதலில் கடைக்காரர் சிரித்தார், இப்போது அவரே முந்திக்கொள்கிறார். "இன்னிக்கு எது நல்லா இருக்கு?" என்று கேட்டால், "பூரி வேணாம், பொங்கல் இப்பதான் எறக்கினது" என்று உள்விஷயம் சொல்கிறார். எழுந்து வரும்போது, சாம்பார் நன்றாக இருந்தது என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுக்கிறேன். கரண்டியோடு ஒரு அம்மா எட்டிப் பார்க்கிறார். வேலை பார்க்கும் இடத்தில் சம்பளத்தைப் பற்றி நான் முதன்முதலாக வாய் திறந்து பேசியதும் உன்னால்தான். மேசையில் பழகிய குரல் அங்கேயும் நடுங்காமல் வந்தது.

சின்னப் பிரெஞ்சே, இங்கே பிள்ளைகள் சிலர் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்துப் படிக்கிறார்கள். வினைவிகுதிகளை ஒப்பிப்பார்கள், ஒரு காப்பி கேட்கச் சொன்னால் விழிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, தட்டும் குவளையும் வைத்து, அவர்களுக்கு உன்னைச் சொல்லிக்கொடுக்கிறேன். சமையற்கலை படித்துவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போகிற பையன்களும் வருகிறார்கள். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த முறை கூலி பேசும்போது அவரும் ஒரு வார்த்தை கேட்டாராம். அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். எவ்வளவு கூடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சின்னப் பிரெஞ்சே, இந்தப் பிள்ளைகளில் சிலர் ஒருநாள் புதுச்சேரியிலோ லியோனிலோ மொரீஷியஸிலோ ஒரு மேசை முன் நிற்பார்கள். என்னிடம் எவ்வளவு பொறுமையாக இருந்தாயோ அவ்வளவு பொறுமையாக அவர்களிடமும் இரு. வணக்கம் சொல்ல, விரும்பியதைக் கேட்க, வேண்டாததை மறுக்க, சமைத்தவருக்கு நன்றி சொல்ல, இந்த நாலும் தெரிந்த பிள்ளை உலகத்தில் எங்கேயும் பசியோடும் கூச்சத்தோடும் திரும்ப வேண்டியதில்லை. எனக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்வாய் என்று நம்பித்தான் உன்னை அவர்கள் கையில் ஒப்படைக்கிறேன். உனக்கு என் நன்றி, என் அப்பா அம்மாவின் நன்றி, எங்கள் தெருவின் நன்றி.

அன்புடன்,
கண்ணமங்கலத்து நெசவு வீட்டுப் பெண்